மேஸ்திரி இறங்கிய குழி

கடப்பாரை ஒரு சாண் இறங்கியதும் நங்கென்று நிற்கிறது. மறுபடியும் சரளை. இந்த ரயில்வே குவார்ட்டர்ஸைக் கட்டின புண்ணியவான்கள் பொன்மலையில் இருந்த அத்தனை சரளைக்கல்லையும் என் வீட்டுக் கொல்லையில்தான் கொட்டி மூடியிருக்கிறார்கள். வந்த நாளிலிருந்து இந்த மண்ணில் ஒரு செம்பருத்தி பிடித்ததில்லை, ஒரு துளசி பிழைத்ததில்லை, முருங்கை ஒன்றுதான் வந்தது, அந்த முருங்கையும்... வேண்டாம், முருங்கையை இப்போது நினைக்க வேண்டாம், நினைத்தால் கடப்பாரை கால் விரலில் இறங்கும். இன்னும் ரெண்டடி தள்ளிக் குத்து தட்சிணாமூர்த்தி. சுவரோரம் கொஞ்சம் இளகின மண் இருக்கும். நான் தள்ளிப் போனதும் பூனையும் தலையைத் திருப்புகிறது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பழைய துண்டை விரித்து உட்கார வைத்திருக்கிறேன், முன்னங்கால் இரண்டையும் நெஞ்சுக்கடியில் மடித்து வைத்துக்கொண்டு நான் குத்துகிற ஒவ்வொரு குத்தையும் பார்க்கிறது. உள்ளே இரு என்றால் இருக்காது. அறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன், சத்தம் வராமல் வாயை மட்டும் திறந்து மூடிற்று, அந்த வாயைப் பார்க்க முடியாமல் நானே தூக்கிக்கொண்டு வந்தேன். உனக்குத்தான் தோண்டுகிறேன், பார், நன்றாகப் பார். எந்த வீட்டிலாவது இப்படி நடக்குமா, யாருக்குக் குழியோ அவரையே உட்கார வைத்துக்கொண்டு? கால்நடை டாக்டரம்மாதான் முதலிலேயே தோண்டி வைக்கச் சொன்னது. "அப்புறம் உங்களால முடியாது சார், கை ஓடாது. ஆழமா வேணும், இல்லேன்னா நாய் வந்து கிளறிடும்." சின்னப் பெண், என் மகளை விட நாலைந்து வயது குறைவாக இருக்கும், யாழினி என்று பெயர், ஸ்கூட்டரில் வந்து வீட்டிலேயே ஊசி போடுகிறது. அந்தப் பெண் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததும் நான் சரி சரி என்று தலையாட்டினேன், ஏதோ வாழைக்கன்று நடுகிற விஷயம் மாதிரி. லீவு கேட்கப் போன் பண்ணினபோது இன்ஜினியர், "என்ன சார் திடீர்னு?" என்றார். வீட்டில் ஒருத்தருக்கு முடியவில்லை என்றேன். "யாருக்கு? மேடமுக்கா?" மேடம் ஓசூரில் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருக்கிறாள் என்று அவருக்கே தெரியும். இல்லை சார், வேற ஒருத்தர் என்றேன். வேற ஒருத்தர்! அவர் என்ன நினைத்துக்கொண்டாரோ, குரலைத் தாழ்த்தி, "சரி, பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டார். நாளைக்கு ரயில்வே ஒர்க்ஷாப்பில் போய் நிற்கும்போது தெரியும் கதை.

தூங்க வைத்துவிடலாம் என்றது டாக்டரம்மா. இந்தத் தூங்க வைப்பது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. தூங்குவதற்கு ஊசி எதற்கு, பதினாலு வருஷமாக இந்த வீட்டில் இது செய்த ஒரே வேலை அதுதானே. மாப்பிள்ளை இன்னும் மோசம், ஓசூரிலிருந்து போனில், "கருணைக்கொலைதான் மாமா பெஸ்ட்" என்கிறார், மொபைல் பிளான் மாற்றச் சொல்கிற மாதிரி. கருணையையும் கொலையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்த ஆள் யார்? ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன், கருணை என்றால் நான் ஏதோ மகான் மாதிரி இருக்கிறது, இன்னொன்றைச் சொன்னால் கடப்பாரை வேறு கையில் இருக்கிறது. என் சம்சாரம் வத்சலா ஒரு நாள் ஒன்று சொல்கிறாள். "நான் வர்ற வரைக்கும் வச்சிருங்கங்க, ஒரு தடவை பாத்துடறேன்." மறுநாள், "ஐயோ என்னால பாக்க முடியாது, நீங்களே முடிச்சிருங்க." அதற்கடுத்த நாள், "வேற டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" நான் என்ன, பெட்டியிலா போட்டு வைத்திருக்கிறேன், நீ வருகிற வரைக்கும் வைத்திருக்க? கிட்னி இரண்டும் சுருங்கிவிட்டது. தோலுக்கடியில் குளுக்கோஸ் மாதிரி ஏற்றினார்கள், தோள்பட்டை பந்தாக வீங்கி வடிந்தது, அவ்வளவுதான் பலன். தண்ணீர்க் கிண்ணத்துக்கு முன்னால் போய் உட்கார்கிறது, குனிகிறது, தண்ணீரையே பார்த்துக்கொண்டு அப்படியே இருக்கிறது. குடியேன். நக்கேன். என்ன தெரிகிறது அதில்? வாயெல்லாம் புண், மூச்சில் பாத்ரூம் நாற்றம். நேற்று ராத்திரி அந்தக் கிண்ணத்தை உதைத்தே விட்டேன். அது நகர்ந்து போன கிண்ணத்துக்குப் பின்னாலேயே போய் மறுபடி முன்னால் உட்கார்ந்துகொண்டது. இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் கேட்காதீர்கள். அன்றைக்கு ரிப்பேருக்கு வந்த ஒரு பழைய ரயில் கோச்சில் சீட்டுக்கடியில் குட்டியாகக் கத்திக்கொண்டு கிடந்தது, வத்சலாவிடம் காட்டிவிட்டு மறுநாள் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றுதான் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இறக்கி விட்டதும் ஒரு அறை பாக்கி விடாமல் சுற்றிற்று, மூலைக்கு மூலை நின்று முகர்ந்து பார்த்துவிட்டு எதுவும் சரியில்லை என்கிற மாதிரி என்னைப் பார்த்தது. எங்கள் பழைய மேஸ்திரி அப்படித்தான் பார்ப்பார். அந்தப் பெயரே வைத்தேன். ஆறேழு மாசம் கழித்து, இது பொட்டை சார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதற்கென்ன, வைத்த பெயர் வைத்ததுதான், பெண் மேஸ்திரி இருக்கக்கூடாதா?

இந்தா, சுவருக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம். பக்கத்து வீட்டுப் பிலோமினா கொடியில் துணி காயப்போட வருகிறாள், இன்றைக்கு அவளுக்கும் லீவு போலிருக்கிறது. வரட்டும், அவள் கொல்லை, அவள் துணி. நான் குனிந்தே இருப்பேன். ஆறு வருஷமாக இந்த இடுப்பளவு சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேரும் குனிந்தேதான் இருக்கிறோம். என் முருங்கையில் கம்பளிப்பூச்சி வந்தது, வாஸ்தவம், வராத முருங்கை எது? அவள் சேலையில் ஏறிக் கழுத்தெல்லாம் தடித்துப் போனது, அதுவும் வாஸ்தவம். அதற்காக நான் ஷாப்புக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஆபீசில் சொல்லி ஆளைக் கூட்டிவந்து, காய்த்துத் தொங்குகிற மரத்தை அடியோடு வெட்டிச் சாய்க்கலாமா? புருஷன் இறந்து, அவர் பார்த்த ரயில்வே வேலையில் இவள் சேர்ந்த புதிது, முதல் அதிகாரம் என் மரத்தின் மேல். நான் கொஞ்சம் பேசினேன், அவள் கொஞ்சம் பேசினாள், அன்றைக்கு மூடின வாய்தான். பூனைக்கு மட்டும் இதெல்லாம் கிடையாது. காலையில் இங்கே பால், சாயங்காலமானால் சுவரேறிக் குதித்து அங்கே மீன். அந்தப் பக்கத்தில் அதற்கு ஜூலி என்று பெயர். ஜூலியாம்! "ஜூலி, ஜூலி, வாடி தங்கம்" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பற்றிக்கொண்டு வரும். உப்புக் கூடாது, கருவாடு ஆகவே ஆகாது என்று டாக்டரம்மா சொன்ன அன்றே சாயங்காலம் வாயெல்லாம் வறுத்த நெத்திலி மணக்க வந்து நின்றது. நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டுமா? எப்படிச் சொல்வது, சுவரைப் பார்த்தா? எலும்பும் தோலுமாகச் சுவரேறி வந்ததே, அதைப் பார்த்து அவளுக்கே தெரிய வேண்டாமா? கண் இருக்கிறதில்லையா? இப்போது செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. துணி உதறுகிற சத்தமும் இல்லை. பார்க்கிறாள். நான் நிமிர மாட்டேன். மண்ணை அள்ளு, கொட்டு, அள்ளு. "ஆழம் பத்தாது" என்றது குரல். ஆறு வருஷத்துக்கு அப்புறம் ஒரு மனுஷி பேசுகிற முதல் வார்த்தையைப் பாருங்கள். "தெரியும்" என்றேன், குழியைப் பார்த்து. "நாய் தோண்டிரும்." "தெரியும்னு சொல்றேன்ல." மறுபடி மண்ணை அள்ளினேன். பிறகு, "அது உசுரோட உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கு, இப்பவே தோண்டுறீங்க?" நிமிர்ந்தேன். தலை நரைத்துவிட்டது இவளுக்கு. சுவருக்கு மேலே ஒரு ஈரத் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், என்னைப் பார்க்கவில்லை, அதைப் பார்க்கிறாள். "டாக்டர் வர்றாங்க. ஊசி போட." "என்ன ஊசி?" எந்தச் சொல்லைச் சொல்வது? குழியைக் காட்டினேன். "இன்னைக்கா?" "இன்னைக்குத்தான்." "யாரக் கேட்டு?" என்றாள்.

யாரைக் கேட்டு! எனக்கு வந்த கோபத்தில் கடப்பாரையைத் தூக்கி எறிந்தேன், அது ஒரு கல்லில் பட்டு எகிறிற்று. யாரைக் கேட்க வேண்டும், மரத்தை வெட்டினபோது நீ யாரைக் கேட்டாய், வாய் வரைக்கும் வந்துவிட்டது, ஆனால் அவள் அங்கே இல்லை. துண்டு சுவர்மேல் கிடக்கிறது. சரி, தொலைந்தது என்று நினைத்தால் என் வாசல் கேட் கிரீச்சிடுகிறது. தெருவைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள், கையில் ஒரு கிண்ணம், வீட்டைச் சுற்றிக் கொல்லைக்கே வந்து துண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள், இடம் கொடு என்று கூடக் கேட்கவில்லை. "பத்து நாளா வரல. உங்க வீட்டம்மா ஊருக்குப் போயிருக்காங்க, நீங்க கட்டிப் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள். பூனையை யாராவது கட்டிப் போடுவார்களா? கிண்ணத்தில் அவித்த மீன், முள்ளெடுத்து உதிர்த்தது. "உப்பு போடல" என்றாள், நான் கேட்கும் முன்னால். விரலில் எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் நீட்டினாள். தின்னாது அம்மா. கோழி ஈரல் வாங்கி வந்து வேகவைத்து மசித்து ஸ்பூனில் கெஞ்சியிருக்கிறேன், டப்பா டப்பாவாக வாங்கியிருக்கிறேன், தின்னாது. தின்றது. நாக்கை நீட்டி நக்கிற்று, இன்னும் கொஞ்சம், இன்னொரு விரல், அப்புறம் கிண்ணத்திலேயே தலையை விட்டது. சனியனே! ஒரு வாரமாக என் கையால் ஒரு சொட்டு வாங்காமல் இவள் வந்து உட்கார்ந்ததும் தின்கிறாயா? எனக்குச் சந்தோஷமா ஆத்திரமா என்று தெரியவில்லை, போனை எடுத்தேன், மண் கையில் நம்பர் விழவில்லை, வேட்டியில் துடைத்து மறுபடி போட்டேன். "டாக்டர், சாப்பிடுது. நல்லா சாப்பிடுது. வேணாம், இன்னைக்கு வேணாம்." போனில் அந்தப் பக்கம் ஸ்கூட்டர் நிற்கிற சத்தம். "சார், கடைசியில சில சமயம் அப்படி ஒரு தெளிவு வரும். வந்து பாக்கறேன், பாத்துட்டு முடிவு பண்ணுவோம்." என்ன பேச்சு இது, தெளிவு என்றால் தெளிவு, அதில் என்ன கடைசி? பிலோமினா என்னைப் பார்த்து, "பாத்தீங்களா" என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறாள். பார்த்தேன், பார்த்தேன். அப்போதுதான் அது எழுந்தது. பின்னங்கால் ஒரு பக்கம் சரிய, மறுபடி நேராகி, நடந்தது. எங்கே என்று நினைக்கிறீர்கள்? நேராகக் குழிக்கு. விளிம்பில் நின்று முகர்ந்தது, மண்ணைத் தட்டிப் பார்த்தது, மேற்பார்வை, மேஸ்திரி அல்லவா, எனக்குச் சிரிப்புகூட வந்துவிட்டது. பிறகு உள்ளே இறங்கிவிட்டது. "ஐயையோ" என்றாள் பிலோமினா. புது மண், இளகின மண், எந்தப் பூனைதான் விடும், நடுவில் போய் ஒரு காலால் பள்ளம் பறித்து வாலைத் தூக்கி உட்கார்ந்தது. நான் மாங்கு மாங்கென்று காலையிலிருந்து தோண்டினது இதற்காக. உட்கார்ந்தது, உட்கார்ந்தபடியே இருந்தது, முதுகு நடுங்கிற்று, ஒன்றும் வரவில்லை. சொட்டுக்கூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் இல்லாததை ஒழுங்காக மண் தள்ளி மூடிற்று. ஏறப் பார்த்தது. முழங்கால் ஆழம்கூட வராத குழி அது, ஆழம் பத்தாது என்று ஊரே சொன்ன குழி, இந்தச் சுவரை ஒரே தாவில் தாண்டின ஜந்து அந்த விளிம்பில் முன்னங்காலை வைத்துக்கொண்டு நின்றது. மறுபடி. மறுபடி. மண் சரிந்தது. பிறகு என்னைப் பார்த்துக் கத்திற்று. சத்தம் வந்தது இந்தத் தடவை. நான் குழிக்குள் முட்டி போட்டுத் தூக்கினேன். தூக்கினால் கையில் என்ன இருக்கிறது? பிழிந்து போட்ட துணி. வேட்டியெல்லாம் மீனை வாந்தி எடுத்தது. பிலோமினா முந்தானையால் அதன் வாயைத் துடைத்தாள். "நீங்க போன் பண்ணி வரச் சொல்லிருங்கண்ணே" என்றாள். அண்ணே என்று இப்போது சொல்கிறாள். எதற்குச் சொல்கிறாள் பாருங்கள். "வந்துக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றேன், எரிந்து விழுந்துதான் சொன்னேன்.

டாக்டரம்மா ஹெல்மெட்டைக் கழற்றின விதமே எனக்குப் பிடிக்கவில்லை, அவசரமே இல்லாமல். அவசரப்பட்டிருந்தால் அதுவும் பிடித்திருக்காது. கண் இமையை விலக்கிப் பார்த்தது, ஈறைப் பார்த்தது, வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு விட்டா இன்னும் ரெண்டு மூணு நாள் இழுக்கும் சார், வலிப்பு வரலாம். உங்க இஷ்டம்" என்றது. என் இஷ்டம். உலகத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் என் இஷ்டத்தின் மேல் திடீரென்று இவ்வளவு மரியாதை. நான் பிலோமினாவைப் பார்த்தேன். அவள் மண்ணைப் பார்த்தாள். "போடுங்க" என்று யார் சொன்னது? நான்தான் சொல்லியிருக்க வேண்டும், டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் தலையாட்டிற்று. "முதல்ல மயக்க ஊசி. அதுக்கு மட்டும்தான் சுருக்குனு இருக்கும். நல்லா அசந்ததுக்கு அப்புறம்தான் அடுத்தது. ஒண்ணும் தெரியாது." அப்படியென்றால் எப்போது தெரியாது, முதலிலா இரண்டாவதிலா என்று கேட்டேன், அது பொறுமையாகத் திரும்பச் சொல்லிற்று, நான் மறுபடி கேட்டேன், அது மறுபடி சொல்லிற்று. "யார் புடிச்சுக்கிறீங்க?" இரண்டு பேரும் கை நீட்டினோம். "தலைய நான் புடிக்கிறேன்" என்றாள். "நான் வளத்தது" என்றேன். "நான் மட்டும் என்ன, வேடிக்கையா பாத்தேன்?" ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் எங்கள் சண்டை முடியக் காத்துக்கொண்டு நின்றது. என்ன வெட்கக்கேடு. கடைசியில் தலை என் உள்ளங்கையில் இருந்தது, அவள் விரல் நெற்றியில் இருந்தது. ஊசி இறங்கினதும் ஒரு உதறல், என் கட்டை விரலைக் கடித்தது, பல் பதியவில்லை, பதிகிற அளவுக்குத் தெம்பு இல்லை. கடி, நல்லா கடி. "பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க, கொஞ்ச நேரத்துக்குக் காதுல விழும்" என்றது டாக்டரம்மா. "மேஸ்திரி" என்றேன். "ஜூலி" என்றாள் அவள். இரண்டு பெயரும் ஒரே நேரத்தில் விழுந்தால் அதற்கு என்ன விளங்கும்? நிறுத்தினோம், மறுபடி ஒரே நேரத்தில் ஆரம்பித்தோம். சரி நீ சொல்லு என்று நான் விட்டேன், அவளும் விட்டுவிட்டாள், அந்தக் கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை, "மேஸ்திரி, மேஸ்திரி" என்று சத்தமாகவே சொன்னேன், அவளும் சொன்னாள், காது ஒன்று மடங்கி நிமிர்ந்தது. எந்தப் பெயருக்கு என்று தெரியாது. அவளைக் கேட்டால் ஜூலிக்குத்தான் என்பாள். அடுத்த ஊசி போட்டதே தெரியவில்லை. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "அவ்வளவுதான் சார்" என்றது. நான் இன்னும் எதற்கோ காத்திருந்தேன். இவ்வளவு கூத்துக்கு அப்புறம், இவ்வளவு நாள் உயிரை எடுத்ததற்கு அப்புறம், ஒரு மூச்சு வரவில்லை, அவ்வளவுதானா?

குழியை இன்னும் ஒரு முழம் ஆழமாக்கினேன். அவள் மண் அள்ளினாள், வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? துண்டோடு வைக்கலாம் என்றேன், சுருட்டி வைக்கக்கூடாது, படுக்கிற மாதிரி வைக்க வேண்டும் என்றாள். மண்ணைப் போட்டு மிதிக்கப் போனேன், "மிதிக்காதீங்க!" என்று ஒரு கத்தல். மிதிக்காமல் எப்படி இறுகும்? மேலே கல் வைக்க வேண்டும், அது மட்டும் இந்தக் கொல்லையில் தாராளம், பெரிய கல்லாக வைத்தேன், அவள் சின்னக் கல்லாக இடுக்கில் அடைத்தாள். அடுத்த வருஷம் நான் ரிட்டையர், வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள், வேறு எவனோ வருவான், முதல் வேலையாக இந்தக் கல்லையெல்லாம் எடுத்துத் தூரப் போட்டுவிட்டுப் பந்தல் போடுவான். போகட்டும். அவள் நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். என் கை இரண்டும் என்ன செய்வது என்று தெரியாமல் தொங்கின, கும்பிடுவதா, யாரை, இதையா? ஒரு கல்லை நிமிர்த்தி வைத்தேன். "சோறு எதுவும் ஆக்கியிருக்க மாட்டீங்க. கொண்டாந்து தரவா?" என்றாள். வேண்டாம் என்றேன். "வேணாம்னா போங்க." கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் போய்த் திரும்பி, "நாய் வந்தா எங்க பக்கத்துலேர்ந்தும் பாத்துக்குவேன்" என்றாள். நான் குனிந்து கடப்பாரையை எடுத்தேன். சொல்லியிருக்கலாம். சரி என்று ஒரு வார்த்தை, அதற்கு என்ன செலவு?

குளித்தேன், நகக்கண்ணில் மண் போகவில்லை. வத்சலாவிடமிருந்து போன். "முடிஞ்சுதா?" "முடிஞ்சுது." பின்னால் பேரன் அழுகிற சத்தம், அவளும் அழுகிறாள், எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. "ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா?" "இல்ல." "நீங்க?" "நான் என்ன கஷ்டப்பட, எனக்கா ஊசி போட்டாங்க?" என்று கத்திவிட்டேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "படுத்துக் கொஞ்சம் கண்ணை மூடுங்க" என்று வைத்துவிட்டாள். எல்லோருக்கும் இதே பேச்சு, கண்ணை மூடு, தூங்கு, தூங்க வை. படுத்தேன். கட்டிலில் மல்லாந்து, ஃபேன் ஓடுகிறது, மதிய வெயில் ஜன்னல் கம்பி நிழலைச் சுவரில் போட்டிருக்கிறது, ஷாப்பில் இந்நேரம் டீ வந்திருக்கும். வசதியாக இல்லை. எங்கேயோ இழுக்கிறது, தொடையிலா இடுப்பிலா, காலை நீட்டிப் பார்க்கிறேன், அப்போதுதான் தெரிகிறது, கால் இரண்டையும் அகட்டி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன், நடுவில் ஒரு பூனை அகலத்துக்கு இடம் விட்டு. பதினாலு வருஷமாக இப்படித்தான் படுத்திருக்கிறேனா? இப்படியா ஒரு மனுஷன் படுப்பான், இதனால்தானா இந்த இடுப்பு வலி, எத்தனை தைலம், எத்தனை டாக்டர், வத்சலாகூடச் சொன்னதில்லையே. சேர்த்துப் படு. இனி எதற்கு? வலது காலை நகர்த்துகிறேன். அங்கே ஒன்றும் இல்லை, வெறும் பெட்ஷீட், நன்றாகத் தெரிகிறது, இருந்தும் பாதியில் நின்றுவிடுகிறது, மேலே பட்டுவிடுமோ என்று. அட, சேர்ந்துதான் தொலையேன். கால் கேட்கவில்லை. பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்தேன். இடுப்பு வலித்தது. அப்படியே கிடந்தேன்.